ஸ்பிட்டிக்கு பைக்கில்: தபோவில் எதற்கு இரண்டு இரவு?

கரடுமுரடு:

நேற்று முன்தினம் மணாலியில் வண்டியை ஒப்படைத்துவிட்டுக் கோவை திரும்பினேன். உட்காரும் இடம் இன்னும் வலிப்பதால் இதை நின்றுகொண்டே தட்டச்சு செய்கிறேன்.

சிம்லாவில் தொடங்கி, சட்லெஜ் ஆற்றோடு கின்னௌர், அங்கிருந்து இமாசலத்தின் திபெத் பக்க ஓரமான ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கு, கடைசியில் குன்ஸும் கணவாய் ஏறி இறங்கி மணாலி. பத்து இரவு. தனியாகப் போகவில்லை, காசு கட்டி ஒரு குழுவோடு போனேன். எட்டு பைக், எல்லாம் ராயல் என்ஃபீல்டின் பழைய 411 சிசி ஹிமாலயன். முன்னால் வழிகாட்டி, அவர் கின்னௌர்க்காரர். கடைசியில் மெக்கானிக், உதிரி பாகங்கள், ஆக்சிஜன் சிலிண்டர், எங்கள் மூட்டை முடிச்சு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு பிக்கப் வண்டி. எனக்கு வயது 46. இதற்கு முன் பைக்கில் நான் ஏறிய பெரிய மலை வால்பாறை.

அட்டவணை இதுதான்: நார்கண்டாவில் ஓர் இரவு, சராஹனில் ஒன்று, கல்பாவில் இரண்டு, தபோவில் இரண்டு, காஸாவில் மூன்று, சந்திரதால் ஏரிப் பக்கம் ஒன்று. முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. தபோவுக்கும் காஸாவுக்கும் இடையே 47 கிலோமீட்டர். நம்மில் சிலர் ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கவே அவ்வளவு தூரம் போகிறவர்கள். நடுவில் எதற்கு இரண்டு இரவு? ரூம் வாடகைக் கணக்கை ஏற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

சராஹன் பீமாகாளி கோயிலில் முதல் அடி விழுந்தது. கல் ஒரு வரிசை, தேவதாரு மரம் ஒரு வரிசை என்று அடுக்கிக் கட்டிய கோபுரங்கள். புஷஹர் ராஜாக்களின் குலதெய்வம். தோல் பொருள் எதுவும் உள்ளே போகக் கூடாது, தலை மூடியிருக்க வேண்டும். நாங்களோ பெல்ட், பர்ஸ், கையுறை, பூட்ஸ் என்று பாதி மாட்டை உடம்பில் சுமந்துகொண்டு நிற்கிறோம். கழற்றி வைக்கவே கால் மணி நேரம். பத்து நாளும் இதே கதை. ஒவ்வொரு கோயிலிலும், ஒவ்வொரு மடத்திலும், முழங்கால் கவசத்தோடு ஒற்றைக் காலில் நின்று பூட்ஸ் பக்கிளோடு மல்லுக்கட்டினோம். முதல் நாள் முணுமுணுத்தோம். நான்காவது நாள் அதுவே பழகிவிட்டது.

தரண்டா அருகே ரோட்டைப் பாறையில் குடைந்திருக்கிறார்கள். தலைக்கு மேலேயும் பாறை, ஒரு பக்கமும் பாறை, மறுபக்கம் பாதாளம். அங்கே ஒரு தேவி கோயில். லாரிக்காரர்கள் உட்பட எல்லோரும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் போகிறார்கள். நானும் நிறுத்தினேன், யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

காப் என்னும் இடத்தில் திபெத்திலிருந்து வரும் சட்லெஜும் ஸ்பிட்டி ஆறும் கலக்கின்றன. அதைத் தாண்டிய பிறகு பச்சை நிறம் என்பதே வயலில் மட்டும்தான். மீதியெல்லாம் மண்ணும் கல்லும், சாம்பல், காவி, ஊதா.

தபோ பற்றித் தனியாக எழுதுகிறேன். இப்போது கை நடுங்குகிறது, மனைவி சாப்பிடக் கூப்பிடுகிறாள். கேள்வி இதுதான்: இந்த மாதிரிப் பயணத்துக்குக் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்வது தேவையா?

ஒற்றைச்சக்கரம்:

தேவையில்லை. நான் தனியாகவே இரண்டு முறை போய்விட்டு வந்தவன். சம்தோவிலிருந்து காஸா வழியாக, மணாலிப் பக்கம் இருக்கும் கிராம்பு என்ற இடம் வரை ஒரே ரோடு, தேசிய நெடுஞ்சாலை 505. வழி தவற வேண்டுமென்றால் ஆற்றில் விழுந்தால்தான் உண்டு. இந்தியர்களுக்கு எல்லைப் பகுதிக்கான இன்னர் லைன் பெர்மிட்டும் வேண்டாம், அது வெளிநாட்டவருக்குத்தான். ஊருக்கு ஊர் ஹோம்ஸ்டே இருக்கிறது, காஸாவில் பெட்ரோல் பங்க் இருக்கிறது. அப்புறம் எதற்கு வழிகாட்டி?

நான் செலவழித்தது நீங்கள் கட்டியதில் பாதிகூட இருக்காது. எட்டு பைக் வரிசையாகப் போனால் எட்டாவது ஆள் பத்து நாளும் தூசியைத்தான் பார்ப்பான். ஃபோட்டோ எடுக்க நினைத்த இடத்தில் நிற்க முடியாது. யாரோ ஒருவருக்குப் பஞ்சர் என்றால் எல்லோரும் உட்கார வேண்டும். இதற்கு டூரிஸ்ட் பஸ்ஸிலேயே போகலாம், ஜன்னலாவது இருக்கும்.

ஸ்பேனர்:

ஒற்றை அண்ணன் வந்துவிட்டார், இனி இழை களைகட்டும்.

வண்டி பற்றி மட்டும் நான் சொல்கிறேன். 300 மீட்டர் ஏறினால் எஞ்சின் பலத்தில் சுமார் 3 விழுக்காடு குறையும் என்பது பொதுக் கணக்கு. குன்ஸும் உச்சி சுமார் 4,550 மீட்டர். அங்கே 24 குதிரைத்திறன் ஹிமாலயன் பதினைந்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்தால் அதிகம். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் அளவு தானாகச் சரியாகிவிடும், அதனால் கரும்புகை வராது. ஆனால் இல்லாத காற்றை அது எங்கிருந்து கொண்டுவரும்? பழைய கார்புரேட்டர் புல்லட் என்றால் மூச்சுத் திணறிப் பிளக் கரியாகும்.

அங்கே வண்டிகள் நிற்பதற்கு முக்கியக் காரணம் கிளட்ச். பலம் குறைந்ததும் ஆட்கள் அரை கிளட்சில் வைத்து உறுமவிட்டு ஏறுகிறார்கள். பிளேட் தீய்ந்த நாற்றம் வரும், அத்தோடு கதை முடிந்தது. முதல் கியரில் கிளட்சை முழுதாக விட்டு, மெதுவாக, நடக்கும் வேகத்தில் ஏறுங்கள். ஓடையில் வண்டி நின்றுபோனால் சைலன்சரில் தண்ணீர் புகுந்ததா என்று பார்க்காமல் செல்ஃப் அழுத்தாதீர்கள். கிளட்ச் கேபிள் ஒன்று, லிவர் ஒரு ஜோடி, டியூப் இரண்டு, இவை இல்லாமல் தனியாகப் போகிறவரிடம் எனக்கு வாதம் கிடையாது, அனுதாபம்தான்.

ஒற்றைச்சக்கரம்:

எல்லாம் என் பெட்டியில் இருந்தது தம்பி. மாற்றவும் தெரியும்.

கரடுமுரடு:

அண்ணா, உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுவே பாதிப் பதில். மீதிப் பாதிக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

காஸாவில் இரண்டாவது நாள் லாங்ஸா, ஹிக்கிம், கோமிக் மூன்று ஊரும் சுற்றினோம். கோமிக் சுமார் 4,580 மீட்டர். எங்கள் குழுவில் இருந்தவர்களிலேயே திடகாத்திரமானவர் ஒரு மாரத்தான்காரர், 31 வயது. அவருக்கு மட்டும் காலையிலிருந்தே தலைவலி, வெளியே சொல்லவில்லை. கோமிக்கில் மடத்துக்கு வெளியே வாந்தி எடுத்தார். ‘நான் நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சத்தியம் செய்தார். வழிகாட்டி அவரைப் பார்த்தார், தரையில் ஒரு கோடு கிழித்தார், குதிகாலும் நுனிக்காலும் தொட்டுத் தொட்டு நடந்து காட்டச் சொன்னார். ஆள் நேராக நடந்துவிட்டார். ஆனாலும் வழிகாட்டி சாவியை வாங்கிக்கொண்டார். பிக்கப் வண்டியில் உட்காரவைத்துக் கீழே காஸாவுக்கு, அங்கே ஆஸ்பத்திரிக்கு. பைக்கை மெக்கானிக் ஓட்டி வந்தார்.

அந்த ஆள் சண்டை போட்டார், கத்தினார், காசைத் திருப்பிக் கொடு என்றார். வழிகாட்டி பதிலே பேசவில்லை. மறுநாள் காலை தலைவலி போய்விட்டது. இருந்தாலும் அந்தக் கூடுதல் நாள் முழுக்க அவரைக் காஸாவிலேயே வைத்திருந்தார்.

அவர் இடத்தில் நான் தனியாக இருந்திருந்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு மேலே போயிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

வார்டுநம்பர்7:

இந்த இழையில் யாராவது மருத்துவர் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. நான் மதுரையில் பொது மருத்துவம் பார்க்கிறவள், 2019இல் பிள்ளைகளோடு காரில் இதே வழியில் போனேன்.

முதலில், காற்றில் ஆக்சிஜன் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். குறைவது அழுத்தம். 4,500 மீட்டரில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் 60 விழுக்காட்டுக்கும் கீழே. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் நாள் கேட்கும். மாரத்தான் ஓடினாலும் அந்த நாள் குறையாது. இளவயதுக்காரர்கள்தான் அதிகம் மாட்டுவார்கள், காரணம் அவர்களால் வேகமாக ஏற முடிகிறது, தலைவலியை வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள்.

மலையேறிகளின் விதி: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், தூங்கும் இடம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பகலில் எவ்வளவு மேலே போனாலும் இரவில் கீழே வந்து படுக்க வேண்டும். இப்போது கரடுமுரடு சாரின் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கல்பா சுமார் 2,960 மீட்டர், தபோ 3,280, காஸா சுமார் 3,700, சந்திரதால் சுமார் 4,250. கல்பாவுக்கும் தபோவுக்கும் நடுவே இருக்கும் நாகோவில் ராத்தங்கல் இல்லை, கவனித்தீர்களா? எல்லோரும் அந்த ஏரிக்கரையில்தான் தங்குவார்கள். அது 3,660. கல்பாவிலிருந்து ஒரே தாவலில் 700 மீட்டர். உங்கள் வழிகாட்டி நாகோவைப் பார்த்துவிட்டு இறங்கித் தபோவில் படுக்கவைத்திருக்கிறார். கடைசித் தாவல் மட்டும் 550, அதற்கு முன் காஸாவில் மூன்று இரவு, பகலில் கோமிக் வரை ஏறி இறங்கிய பழக்கம். இந்த அட்டவணையை எழுதியவரிடம் நான் மாணவியாகச் சேரத் தயார்.

சார், உங்கள் வாடகைக் கணக்குச் சந்தேகத்துக்குப் பதில் கிடைத்ததா?

டயமாக்ஸ் பற்றி எல்லோரும் கேட்பீர்கள். அது அசெட்டசோலமைடு. பழகுவதை வேகப்படுத்தும், பழகாமலே மேலே போக அனுமதிச்சீட்டு கிடையாது. சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடக் கூடாது. விரல் நுனி மரத்த மாதிரி இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், சோடா குடித்தால் சப்பென்று இருக்கும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. குடிகாரன் போல் தள்ளாட்டம், பேச்சுக் குழறல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, நிற்காத வறட்டு இருமல். இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் கீழே இறக்க வேண்டும். சிலிண்டர் நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

ரிசர்வ்டேங்க்:

என் அனுபவத்தையும் எழுதுகிறேன். நானும் காசு கட்டித்தான் போனேன், நிறுவனத்தின் பெயர் வேண்டாம். மணாலியில் தொடங்கி முதல் நாளே சந்திரதால்! ‘ஆறு நாளில் ஸ்பிட்டி’ என்ற விளம்பரத்தைப் பார்த்து விழுந்தேன்.

மணாலி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அன்று ராத்திரி 4,250இல் கூடாரம். பத்துப் பேரில் நான்கு பேருக்கு வாந்தி. ஒருவருக்கு இரவு ஒரு மணிக்கு மூச்சிரைக்கத் தொடங்கியது. இருட்டில் அந்தப் பாறை ரோட்டில் ஜீப்பில் இறக்கினார்கள். கூட வந்த ‘ரைடு கேப்டன்’ 23 வயதுப் பையன். வேகமாக ஓட்டுவார், ரீல்ஸ் எடுப்பார், வேறெதுவும் தெரியாது. கீ மடத்தில் இருபது நிமிடம் கொடுத்தார்கள். தபோ போய்ச் சேர்ந்தபோது மாலை ஆறரை, கதவு பூட்டியிருந்தது. பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அதனால் கரடுமுரடு, உங்களுக்குக் கிடைத்தது நல்ல ஆள். ‘வழிகாட்டியோடு போனால் பாதுகாப்பு’ என்று பொதுவாக எழுதிவிடாதீர்கள்.

ஒற்றைச்சக்கரம்:

இதைத்தான் நானும் சொல்கிறேன். அந்த நல்ல அட்டவணையை ஒரு தாளில் எழுதி டேங்கில் ஒட்டிக்கொண்டு தனியாகப் போனால் போதாதா? நிற்பதற்காக இன்னொருவருக்குக் கூலி கொடுக்க வேண்டுமா?

கரடுமுரடு:

ரிசர்வ்டேங்க் சொல்வது சரி. ஒப்புக்கொள்கிறேன்.

ஒற்றை அண்ணா, தாளை நான் மதியம் மூன்று மணி வரைதான் மதிப்பேன். வெயில் நன்றாக இருக்கும், ரோடு காலியாக இருக்கும், ‘இன்னும் 47 கிலோமீட்டர்தானே’ என்று தோன்றும். தாளைக் கிழித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். எங்கள் வழிகாட்டியைக் கிழிக்க முடியாது, ஆறடி உயரம்.

சரி, தபோ. மறுநாள் காலை அங்குள்ள பழைய புத்த மடத்துக்குக் கூட்டிப் போனார். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஜன்னலில்லாத தடித்த மண் சுவர், தட்டைக் கூரை, ஏதோ பழைய தானியக் கிடங்கு மாதிரி. குனிந்து உள்ளே போனால் கும்மிருட்டு. கூரையிலிருந்து மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கசிகிறது. ‘டார்ச் வேண்டாம், கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள்’ என்றார். எட்டுப் பேரின் ஈரச் சாக்ஸ் வாசனை, எருமை மேய்த்துவிட்டு வந்தவர்கள் போல. ஆயிரம் வருடம் தாங்கிய கூடம் இதையும் தாங்கட்டும் என்று உட்கார்ந்தோம்.

கண் பழகப் பழகச் சுவரிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். நம் தலைக்கு மேலே, தரையைத் தொடாமல், சுவரில் பதிந்து, சம்மணமிட்ட மண் உருவங்கள். ஏறக்குறைய ஆள் அளவு. எண்ணினேன், 32. அவர்களுக்குக் கீழேயும் மேலேயும் ஒரு சாண் இடம் விடாமல் ஓவியம். நடுவில் நான்கு திசையும் பார்த்தபடி வைரோசன புத்தர். கூடத்துக்குள் நாம் நுழையவில்லை, அவர்கள் நடுவில் நாம் மாட்டிக்கொண்டோம் என்று தோன்றியது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உள்ளே படம் எடுக்க அனுமதி கிடையாது, அதனால் காட்டவும் முடியாது.

சாயங்காலம் நான் மட்டும் மறுபடி போனேன். வெளிச்சம் நகர்ந்திருந்தது, வேறு முகங்கள் தெரிந்தன. ஒரே இரவு தங்கியிருந்தால் இந்த இரண்டாவது முறை கிடைத்திருக்காது.

பழையகல்:

நான் வண்டி ஓட்டுகிறவன் இல்லை, இந்தக் குழுமத்தில் எப்படிச் சேர்ந்தேன் என்பதே மறந்துவிட்டது. ஆனால் தபோ என்று எழுதியதால் வந்தேன்.

மடம் நிறுவப்பட்டது 996இல், மேற்குத் திபெத்தில் குகே நாட்டை ஆண்ட யேஷே ஓ என்ற அரசத் துறவியால். 46 ஆண்டுகள் கழித்து, 1042இல், அவர் வழிவந்த ஜங்சுப் ஓ புதுப்பித்தார். புதுப்பித்ததைப் பற்றிய கல்வெட்டு, இல்லை, மைவெட்டு என்று சொல்ல வேண்டும், சுவரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் காலத்தின் பெரிய ஆள் ரின்சென் சாங்போ, 958இல் பிறந்தவர், சமஸ்கிருத நூல்களைத் திபெத்திய மொழிக்குப் பெயர்த்தவர். காஷ்மீருக்கு நடந்துபோய்ப் படித்துவிட்டு, அங்கிருந்து கலைஞர்களையும் கூட்டிவந்தார் என்பார்கள். நாகோ மடத்தையும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் சொல்கிறார்கள். 108 கோயில் கட்டினார் என்பது மரபு, எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

இப்போது நம் பக்கம் திரும்பிப் பாருங்கள். 996 என்றால் ராஜராஜன் பட்டத்துக்கு வந்து பதினோராவது ஆண்டு. தஞ்சைக் கோயில் முடிந்தது 1010இல். அதே ராஜராஜன் காலத்தில், சுமார் 1006இல், ஸ்ரீவிஜய அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் கொடையாகப் போனது. அந்தச் செப்பேடு பின்னால் நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே தலைமுறையில், ஒரு புத்தர் கோயில் கடற்கரையில், இன்னொன்று 3,280 மீட்டர் உயரத்தில். நாகையில் பௌத்தத்தின் எச்சமாகக் கடைசியாக நின்றிருந்த செங்கல் கோபுரத்தையும் 1867இல் இடித்துவிட்டார்கள். தபோவில் வெறும் மண், அது நிற்கிறது.

மண் ஏன் நிற்கிறது? மழை இல்லை, அதனால்தான். பருவமழை மேகம் இமயத்தின் தெற்குச் சரிவிலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. ஸ்பிட்டிக்கு வருவது பனிதான், அதைக் கூரையிலிருந்து தள்ளிவிடலாம். நல்ல மழை நாலு நாள் தொடர்ந்து பெய்தால் அந்தக் கூரைக்கும் ஓவியத்துக்கும் என்ன ஆகும் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொன்று. ஸ்பிட்டி என்ற சொல்லுக்கு ‘நடு நிலம்’ என்று பொருள், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே. விழுப்புரம், கடலூர்ப் பக்கத்தை நாமும் நடுநாடு என்போம். நடுவில் இருப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

டங்கர் போனீர்களா?

கரடுமுரடு:

போனோம் சார். பின் ஆறும் ஸ்பிட்டி ஆறும் சேருமிடத்துக்கு நேர்மேலே, கறையான் புற்று மாதிரி அரித்துப்போன மண் கொம்புகள். அவற்றின் உச்சியில் மடம். அது இன்னும் விழாமல் இருக்கிறது என்பதை என் கண் நம்பவில்லை.

பழையகல்:

ஒரு காலத்தில் ஸ்பிட்டியின் தலைநகர் அது. 2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் வெளியிட்ட ஆபத்தான 100 இடங்களின் பட்டியலில் டங்கர் இருந்தது. உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது.

சேலத்துச்சிட்டு:

அண்ணா, அக்கா எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக 350 கிளாசிக் ஓட்டுகிறேன். ஏற்காடு, கொல்லிமலை எல்லாம் போயிருக்கிறேன், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் தனியாக. அடுத்த ஜூனில் ஸ்பிட்டி போக ஆசை. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். ஹிமாலயனில் கால் எட்டுமா? என் வண்டியையே ரயிலில் அனுப்பலாமா? குழுவில் எல்லோரும் ஆண்களாக இருந்தால்? அப்புறம், கழிப்பறை? வீட்டில் அம்மா கேட்கும் கேள்விகள் இவை, எனக்கும் உள்ளூர இருக்கிறது.

ஸ்பேனர்:

தங்கச்சி, பழைய ஹிமாலயன் சீட் உயரம் 800 மில்லிமீட்டர். நுனிக்கால்தான் எட்டும். தட்டையான ரோட்டில் அது போதும், ஓடையின் உருட்டுக்கல்லில் போதாது. கிளாசிக் உனக்குப் பழகிய வண்டி, அதிலேயே போகலாம். ஸ்பிட்டியில் பாதிப்பேர் அதில்தான் வருகிறார்கள். தரை இடைவெளி குறைவு, பாதல் முதல் கிராம்பு வரை அடியில் டம் டம் என்று தட்டும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரயில் பார்சல் என்றால் டேங்கில் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாது, ஆர்.சி. புத்தக நகலும் அடையாள அட்டையும் வேண்டும். கண்ணாடி, இண்டிகேட்டர் எல்லாம் கழற்றிவிட்டுச் சாக்கு சுற்றி அனுப்பு. வண்டி நீ போன அன்றே வந்து சேரும் என்று நம்பி டிக்கெட் போடாதே. எனக்கு நான்கு நாள் தாமதம் ஆனது.

ஒற்றைச்சக்கரம்:

வாடகை வண்டி எடுத்தால் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள் அம்மா. இமாசலத்தில் எடுத்த வாடகை வண்டியை லடாக்குக்குள் சுற்ற அங்குள்ள வண்டிக்காரர்கள் விடமாட்டார்கள். ஸ்பிட்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆசை மிகுந்து அப்படியே லே வரை போய்விடலாம் என்று கிளம்பிவிடாதே.

வார்டுநம்பர்7:

கழிப்பறை: காஸா, தபோ, கல்பாவில் நல்ல ஹோம்ஸ்டேக்கள் உண்டு. ஊர்களில் பலவிடத்தில் உலர் கழிப்பறை. மேலே ஓட்டை, கீழே மண், முடிந்ததும் ஒரு மண்வெட்டி மண் தள்ள வேண்டும். தண்ணீர்ப் பஞ்சத்திலும் உறைபனியிலும் அது நம் ஃபிளஷைவிட எவ்வளவோ மேல். நடுவழியில்தான் சிரமம். மரம் கிடையாது, புதர் கிடையாது. பெரிய துப்பட்டா ஒன்று வைத்துக்கொள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. பெண்கள் பலர் அப்படித்தான் தலைவலியை வரவழைத்துக்கொள்கிறார்கள். மாதவிடாய்த் தேதி முன்னே பின்னே ஆகலாம், பயன்படுத்தியதைக் கட்டி எடுத்துக்கொண்டு காஸாவுக்குக் கொண்டுவந்து போடு. கோமிக்கில் குப்பை வண்டி வராது.

காசு கட்டும் முன் நிறுவனத்திடம் நான்கு கேள்வி கேள். ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் தூங்குகிறோம்? யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் கீழே இறக்கத் தனி வண்டி இருக்கிறதா, அல்லது சாமான் வண்டியேதானா? கூடுதல் நாள் எத்தனை? முன்னால் போகிறவர் எத்தனை சீசன் அந்த வழியில் ஓட்டியிருக்கிறார்? முதல் கேள்விக்கே ‘அதெல்லாம் ஒன்றும் ஆகாது மேடம்’ என்று பதில் வந்தால் போனை வைத்துவிடு.

கரடுமுரடு:

எங்கள் குழுவில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். குன்ஸுமுக்கு அந்தப் பக்கம் ஓடைகளில் விழுந்தவர்கள் மூவர், மூவரும் ஆண்கள், அதில் ஒருவன் நான்.

ஓடை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே நேரம்தான் எல்லாம். இரவில் பனி உருகுவது நிற்கும், காலையில் ஓடை கணுக்காலளவு. வெயில் ஏற ஏற உருகி, மதியம் மூன்று மணிக்கு அதே ஓடை முழங்காலைத் தாண்டும். சந்திரதாலிலிருந்து ஐந்தரைக்கே எழுப்பிவிட்டார். குளிரில் எல்லோரும் திட்டினோம். சத்ரு தாண்டும்போது எதிரே மதியத்துக்கு மேல் வரும் வண்டிகளை நினைத்துச் சிரித்தோம். அடல் சுரங்கத்துக்குள் 9 கிலோமீட்டர் நேர் ரோட்டில் வண்டி வழுக்கிக்கொண்டு போனபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏனென்று கேட்காதீர்கள்.

குன்ஸும் உச்சியில் ஒரு தேவி கோயில். எல்லா வண்டியும் அதை ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும். இடமிருந்து வலமாக, நம் பிரகாரம் போலவே. ‘ஓம் மணி பத்மே ஹும்’ மந்திரம் பொறித்த கற்சுவர்களையும் அப்படித்தான், வலக்கைப் பக்கம் வைத்துக் கடக்க வேண்டும். ரோட்டு நடுவில் ஸ்தூபி இருந்து, இடப்பக்க வழி குறுகலாக இருந்தாலும் உள்ளூர் டிரைவர்கள் அதில்தான் போவார்கள்.

ஜூன், ஜூலை என்றால் ஜூலை நடுவுக்கு முன் முடித்துவிடு சிட்டு. 2023 ஜூலையில் சந்திரதாலில் இருநூறுக்கும் மேற்பட்ட பயணிகள் பனியில் நாள்கணக்கில் சிக்கிக்கொண்டார்கள். செப்டம்பர்தான் என் ஓட்டு. வானம் தெளிவு, ஓடை வற்றியிருக்கும், பட்டாணி அறுவடை முடிந்திருக்கும். குளிர் மட்டும் பொறுக்க வேண்டும்.

சேலத்துச்சிட்டு:

சாப்பாடு?

கரடுமுரடு:

துக்பா என்னும் நூடுல்ஸ் சூப், மோமோ, ராஜ்மா. சாதம் கேட்காதே. சந்திரதால் உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகவே வேகாது. நான் புளிக்காய்ச்சல் கொண்டுபோனேன். சப்பாத்தியில் தடவிச் சாப்பிட்டேன், வழிகாட்டியும் ருசி பார்த்தார், இரண்டாவது நாளிலிருந்து டப்பாவே அவரிடம்தான் இருந்தது.

ரிசர்வ்டேங்க்:

கியூ மம்மி பார்த்தீர்களா? எங்களுக்கு அதுவும் போயிற்று.

கரடுமுரடு:

பார்த்தோம். தபோவுக்கு முன்னால் பிரிகிற கிளை ரோடு. சங்கா தென்சின் என்ற துறவி, சுமார் 500 ஆண்டுக்கு முந்தியவர் என்கிறார்கள். 1975 நிலநடுக்கத்தில் ஸ்தூபி பிளந்து வெளியே தெரிந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள், முழங்காலில் மோவாயை வைத்து, பல் தெரிய உட்கார்ந்திருக்கிறார். நம் தாத்தா திண்ணையில் உட்காருவாரே, அதே வாகு. ரொம்ப நேரம் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன்.

ஒற்றைச்சக்கரம்:

இரண்டு முறை போயும் தபோவில் நான் அரை மணி நேரத்துக்கு மேல் இருந்ததில்லை. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். எத்தனை உருவம் என்று எண்ணவில்லை. இதைச் சொல்லிவிட்டுப் போகிறேன். வழிகாட்டி தேவையில்லை என்பதில் மாற்றமில்லை.

கரடுமுரடு:

பதினெட்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஹிக்கிம் தபால் நிலையத்தில் அம்மாவுக்கு ஒரு அட்டை போட்டிருந்தேன், மேலே எழுத மறந்துவிட்டது. 1983இலிருந்து இயங்குகிறது, 4,400 மீட்டர். இன்று காலை பொள்ளாச்சிக்கு வந்துவிட்டது. அம்மா போன் செய்தார். கை விறைத்துப்போய் எழுதியது, அவருக்கு ஒரு எழுத்துக்கூடப் புரியவில்லையாம். ‘என்னடா எழுதியிருக்கிறாய், படித்துச் சொல்’ என்றார். எனக்கும் ஞாபகம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்க வேண்டும்.